பண்ணையில் இருக்கும் பழைய மண் அணை: கசிவு, கலிங்கு, கரைமேல் மரங்கள்

கேள்வி இதுதான். பாசனத்துக்கான பழைய மண் அணையோடு சேர்த்து ஒரு பண்ணையை வாங்கியிருக்கிறீர்கள். கரை சுமார் 5 மீட்டர் உயரம், நிரம்பினால் நீர்ப்பரப்பு ஒரு ஹெக்டேர் வரும். வெளிப்பக்க அடிவாரம் எப்போதும் ஈரமாக இருக்கிறது, மதகுக் குழாய் வெளிவரும் இடத்தில் தண்ணீர் கசிகிறது, கரைமேல் மரங்கள் நிற்கின்றன. போன பெருமழையில் தண்ணீர் கரையின் முகட்டுக்கு ஒரு முழம் கீழே வரை ஏறிவிட்டது. கசியும் இடத்தைச் சிமெண்ட் பூசி அடைத்துவிடலாமா, கலிங்கில், அதாவது உபரிநீர் வெளியேறும் வாய்க்காலில், மண்மூட்டை அடுக்கி இன்னும் கொஞ்சம் தண்ணீர் தேக்கலாமா, இவ்வளவு சின்ன அணைக்குப் பொறியாளர் தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சிமெண்ட் வேண்டாம். மூட்டை வேண்டவே வேண்டாம். பொறியாளர் கட்டாயம் வேண்டும். ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் காரணம் புரிந்தால்தான் அடுத்த மழையில் நடுராத்திரி டார்ச் லைட்டோடு கரைமேல் நிற்கும்போது சரியான முடிவை எடுக்க முடியும்.

முதலில் அந்த ‘சின்ன அணை’ என்ற பேச்சு. பள்ளத்தாக்கில் கட்டிய அணையில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று தோராயமாகத் தெரிந்துகொள்ள, நீர்ப்பரப்பை அணையோரத்து ஆழத்தால் பெருக்கி அதில் 0.4 பங்கு எடுத்துக்கொள்வார்கள். உங்கள் அணைக்கு 10,000 சதுர மீட்டர், 5 மீட்டர், 0.4. ஆக 20,000 கன மீட்டர், அதாவது 20,000 டன் தண்ணீர். கரை உடைந்தால் வெளியேறும் உச்ச வேகத்தைக் கணிக்க, பழைய உடைப்புகளின் தரவிலிருந்து உருவான சூத்திரங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்தேன். வினாடிக்கு 80 கன மீட்டருக்கு மேல் வருகிறது. மிகத் தோராயமான கணக்குதான், ஆனால் அதன் பொருள் தெளிவு: மொத்தத் தண்ணீரும் மணிக்கணக்கில் வடியாது, நிமிடக்கணக்கில் போய்விடும். கீழே ஒரு வீடு, ஒரு பாலம், தொழிலாளர் தங்கும் கொட்டகை இருந்தால் அங்கிருப்பவர்கள் சத்தம் கேட்டு எழுந்து ஓட நேரம் இருக்காது.

இது வெறும் கற்பனை இல்லை. 1977 நவம்பர் 6 அதிகாலையில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டொக்கோவா அருகே கெல்லி பார்ன்ஸ் அணை உடைந்து, கீழே இருந்த கல்லூரி வளாகத்தில் 39 பேர் இறந்தார்கள். அதுவும் தனியாருக்குச் சொந்தமான மண் அணைதான், உயரம் ஏறக்குறைய 12 மீட்டர். 2018 மே 9 இரவு கென்யாவின் சோலாய் பகுதியில் ஒரு தனியார் பண்ணையின் பாசன அணை கனமழையில் உடைந்தது. 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இரண்டுமே இருட்டில் நடந்தவை என்பதைக் கவனியுங்கள். பெருமழை பெய்யும் இரவில் கரையைப் பார்க்க யாரும் போவதில்லை.

மண் அணைகள் பெரும்பாலும் இரண்டே வழிகளில்தான் சாகின்றன. ஒன்று, தண்ணீர் கரைமேல் ஏறி வழிவது. இன்னொன்று, தண்ணீர் கரைக்குள்ளோ அடியிலோ வழி கண்டுபிடித்து மண்ணை உள்ளிருந்தே அரித்துக்கொண்டு போவது. பெரிய மண் அணைகளின் உடைப்புகளை உலக அளவில் தொகுத்துப் பார்த்த ஆய்வுகளில் இந்த இரண்டும் ஏறக்குறைய ஆளுக்குப் பாதியாக வருகின்றன. கரை சரிந்து விழுவது மிகச் சிறு பங்கு. உங்கள் விவரிப்பில் இந்த இரண்டுக்கும் அறிகுறி இருக்கிறது என்பதுதான் என் கவலை.

மேலே ஏறி வழிவதை முதலில் எடுத்துக்கொள்வோம். கான்கிரீட் அணைமேல் தண்ணீர் வழிந்தால் பெரும்பாலும் அது தாங்கிக்கொள்ளும். மண் கரையால் முடியாது. வழியும் தண்ணீர் வெளிப்பக்கச் சரிவில் வேகமெடுத்து ஓடும்போது புல்லைப் பிய்த்து, ஒரு சின்னப் படிக்கட்டு மாதிரி பள்ளம் தோண்டும். அந்தப் படி பின்னோக்கி நகர்ந்துகொண்டே வந்து முகட்டை அறுத்து நீர்ப்பக்கம் எட்டும். எட்டியதும் கதை முடிந்தது. அதைத் தடுக்க இருக்கிற ஒரே உறுப்பு கலிங்கு. பண்ணை அணைகளில் ஆட்கள் குறைவாக மதிக்கும் உறுப்பும் அதுதான். தண்ணீரை வீணாக்கும் ஓட்டை என்றே பலர் அதை நினைக்கிறார்கள்.

அது எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று நீங்களே தோராயமாகக் கணக்கிடலாம். உங்கள் அணைக்கு மேலே 40 ஹெக்டேர் நிலத்திலிருந்து தண்ணீர் வருகிறது, உச்ச மழை மணிக்கு 90 மில்லிமீட்டர், அதில் பாதி ஓடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 0.5 × 90 × 40, அதை 360 ஆல் வகுத்தால் வினாடிக்கு 5 கன மீட்டர். தட்டையான அகலக் கலிங்கில் தண்ணீர் அரை மீட்டர் உயரத்துக்கு ஓடினால், ஒரு மீட்டர் அகலத்துக்கு வினாடிக்கு 0.6 கன மீட்டர் போகும். ஆக 8 மீட்டருக்கு மேல் அகலம் வேண்டும். அந்த அரை மீட்டர் ஓட்டத்துக்கும் மேலே, அலைக்கும் கரை அமிழ்வதற்கும் இன்னொரு அரை மீட்டராவது முகடு உயர்ந்திருக்க வேண்டும். பழைய பண்ணை அணைகளில் பெரும்பாலும் நான் பார்ப்பது 2 மீட்டர் அகலக் கால்வாய்தான். அதே அரை மீட்டர் உயரத்தில் அது 1.2 கன மீட்டர்தான் கடத்தும். மீதி கரைமேல் ஏறும். உங்கள் நீர்ப்பிடிப்புப் பரப்பு, உங்கள் ஊரின் உச்ச மழை அளவு இரண்டையும் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள். இறுதி அளவைப் பொறியாளர் சொல்லட்டும். ஆனால் குறை எவ்வளவு பெரியது என்று இன்றைக்கே தெரிந்துவிடும்.

ஹவாயின் கவாய் தீவில் கா லோகோ என்று ஓர் அணை இருந்தது. 1890இல் கரும்புத் தோட்டத்துப் பாசனத்துக்காகக் கட்டிய மண் அணை, பின்னாளில் தனியார் சொத்து. நீண்ட மழைக்குப் பிறகு 2006 மார்ச் 14 அன்று உடைந்து 7 பேர் இறந்தார்கள். விசாரணையில் முக்கியமாக எழுந்த கேள்வி, கலிங்கு எங்கே போயிற்று என்பதுதான். அது மண் போட்டு மூடப்பட்டிருந்ததாகவும், போக வழியில்லாமல் தண்ணீர் கரைமேல் ஏறியதே உடைப்புக்குக் காரணமாக இருக்கும் என்றும் விசாரணை அறிக்கை சொன்னது. கலிங்கில் மூட்டை அடுக்குவது அதே காரியத்தின் சின்ன வடிவம். பலகை வைப்பது, மீன் தப்பாமலிருக்க வலை கட்டுவது, மாடு போகாமல் கம்பி வேலி போடுவது எல்லாம் அதே கணக்கில்தான் சேரும். வெள்ளத்தில் வரும் செத்தையும் கிளையும் வலையில் சிக்கி ஒரு மணி நேரத்தில் கலிங்கை அடைத்துவிடும்.

இன்னொன்றையும் பாருங்கள். கரையின் முகடு ஒரே மட்டமாக இருக்கிறது என்று கண் சொல்லும், நம்பாதீர்கள். நடுவில்தான் கரை மிக உயரம், ஆகவே அங்கேதான் மண் அதிகமாக அமிழும். தண்ணீர் வழிய ஆரம்பித்தால் மொத்தமும் அந்தத் தாழ்ந்த இடத்தில் குவியும். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப் போதும், அரை நாளில் முகடு முழுவதையும் அளந்துவிடலாம். கலிங்கின் தரைமட்டத்தோடு ஒப்பிட்டு, மிகத் தாழ்ந்த இடம் எவ்வளவு மேலே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அணையின் உண்மையான பாதுகாப்பு உயரம் அந்தக் குறைந்தபட்ச எண்தான்.

இனி கசிவு. எல்லா மண் அணையும் கசியும். கசிவு இருப்பதே ஆபத்து என்று அர்த்தமில்லை. மூன்று விஷயங்களைத்தான் பார்க்க வேண்டும்: தண்ணீர் தெளிவா கலங்கலா, அளவு கூடுகிறதா, அணையில் நீர்மட்டம் மாறாதபோதே கூடுகிறதா. ஒரு கண்ணாடி ஜாடியில் கசிவு நீரைப் பிடித்து அசையாமல் ஓரிரவு வையுங்கள். அடியில் மெல்லிய படிவு தங்கினால் அது உங்கள் கரையின் மண். இன்றைக்குக் கிள்ளு அளவு, அப்புறம் பிடி அளவு என்று போகும். அளப்பதற்கு ஒரு தகரத் தகட்டில் 90 பாகைக் கோணத்தில் V வடிவ வெட்டு வெட்டி, கசிவு ஓடும் சின்ன வாய்க்காலுக்குக் குறுக்கே நட்டுவிடுங்கள். வெட்டின் முனையிலிருந்து தண்ணீர் 5 சென்டிமீட்டர் உயரத்தில் ஓடினால் வினாடிக்கு முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேல். 10 சென்டிமீட்டர் என்றால் சுமார் 4.4 லிட்டர். உயரம் இரட்டிப்பானால் ஓட்டம் ஐந்தரை மடங்குக்கு மேல் ஏறுகிறது, அதனால் சின்ன மாற்றம்கூட அதில் பளிச்சென்று தெரியும். வாரம் ஒருமுறை அணையின் நீர்மட்டத்தோடு சேர்த்து நோட்டில் எழுதிவையுங்கள். அணையைப் பற்றி யாரும் எழுதித் தராத ஆவணம் அந்த நோட்டுதான்.

கலங்கல் கசிவு ஏன் அவ்வளவு மோசம்? தண்ணீர் வெளியே வரும் முனையில் முதல் மண்துகள் கழன்று போகிறது. அதனால் பாதையின் நீளம் கொஞ்சம் குறைந்து வேகம் கூடுகிறது, அடுத்த துகள் இன்னும் எளிதாகக் கழல்கிறது. இப்படி வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கி ஒரு குகை வளர்ந்து கடைசியில் அணை நீரை எட்டுகிறது. பொறியாளர்கள் இதைப் ‘பைப்பிங்’ என்பார்கள். வருஷக்கணக்கில் மெல்ல வளர்ந்துவிட்டுக் கடைசி கட்டத்தைச் சில மணி நேரத்தில் முடித்துவிடும். அமெரிக்காவின் ஐடஹோவில் டீட்டன் என்று சுமார் 93 மீட்டர் உயரமான அரசு மண் அணை. 1976 ஜூன் 5 காலை கலங்கல் கசிவைப் பார்த்தார்கள். பகல் 12 மணி ஆவதற்குள் அணை உடைந்துவிட்டது. ஓட்டைக்குள் மண் தள்ள புல்டோசர் இறக்கியும் நிற்கவில்லை.

சிமெண்ட் ஏன் கூடாது என்பதும் இதிலிருந்தே வருகிறது. வெளிப்பக்கத்தில் வாயை அடைத்தால் தண்ணீர் நிற்காது. கரைக்குள் அழுத்தம் ஏறி, பக்கத்தில் வேறு இடத்தில் பீறிடும், அல்லது ஊறிப்போன சரிவு சரிந்து விழும். செய்ய வேண்டியது நேரெதிர்: தண்ணீரை விட்டுவிட்டு மண்ணைப் பிடித்து வைக்க வேண்டும். அதற்குத்தான் மணல் வடிகட்டி. மண் பொறியியல் முன்னோடி கார்ல் டெர்சாகி வகுத்துக்கொடுத்த அடிப்படை விதி இன்றும் நடைமுறையில் இருக்கிறது. வடிகட்டி மணலின் நுண்துகள்களின் அளவு, கரை மண்ணின் பருமனான துகள்களின் அளவைவிட 4 முதல் 5 மடங்குக்கு மேல் பெரிதாக இருக்கக்கூடாது. அப்போது மண் துகள் மணலின் இடைவெளியில் நுழைய முடியாது. அதே சமயம் கரை மண்ணைவிடப் போதிய அளவு பருமனாக இருக்க வேண்டும், அப்போதுதான் தண்ணீர் தடையில்லாமல் வெளியேறும். அந்த மணலுக்கு மேல் பொடிக்கல், அதற்கு மேல் கனத்துக்குப் பெருங்கல். ஈர அடிவாரத்துக்கு இதுதான் சரியான மருந்து. எந்த மணல் என்பதை உங்கள் மண்ணைச் சலித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும், கண்ணளவில் முடியாது.

குழாயோரக் கசிவு தனிக்கவலை. கரை மண்ணைக் குழாயின் அடிப்பாதியைச் சுற்றி யாராலும் ஒழுங்காக இறுக்க முடியாது, அதனால் அங்கே எப்போதும் ஒரு தளர்ந்த கோடு இருக்கும். முன்காலத்தில் குழாயைச் சுற்றிக் கான்கிரீட் வளையங்கள் கட்டினார்கள். அவற்றின் ஓரங்களிலும் மண்ணை இறுக்குவது சிரமமாகவே இருந்தது. 1980களில் இருந்து அமெரிக்க நடைமுறை, வெளிப்பக்கத்துக்கு அருகே குழாயைச் சுற்றி மணல் வடிகட்டித் திரை வைப்பதற்கு மாறிவிட்டது. உங்கள் மதகில் வால்வு எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் பாருங்கள். வெளிப்பக்கத்தில் மட்டும் இருந்தால், கரைக்குள் ஓடும் குழாய் முழுவதும் வருஷம் பூராவும் அணையின் முழு அழுத்தத்தில் நிற்கிறது. பழைய இரும்புக் குழாயில் துருப்பிடித்து ஒரு சின்னத் துளை விழுந்தாலே போதும், தண்ணீர் கரைக்குள் பாயும். வால்வைத் திறந்தபோது கசிவு குறைந்து, மூடியபோது கூடினால் குழாயில் ஓட்டை என்று பலமாகச் சந்தேகிக்கலாம். நீர்ப்பக்கத்தில் அடைப்பு வைத்துக் குழாயைக் காலியாக்கி, உள்ளே கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

மண்ணின் குணத்தையும் சோதியுங்கள். சில களிமண், தண்ணீர் பட்டதுமே தானாகக் கரைந்து பாலாகும். சோடியம் அதிகமுள்ள மண். பட்டாணி அளவு காய்ந்த கட்டி ஒன்றை மழைநீரிலோ பேட்டரிக்கு ஊற்றும் வாலை வடித்த நீரிலோ போட்டு அசைக்காமல் பாருங்கள். கிணற்று நீர் வேண்டாம், அதிலுள்ள உப்பு விடையை மறைத்துவிடும். கட்டி சும்மா பொடிந்து உட்கார்ந்தால் பரவாயில்லை. சுற்றிலும் புகைமாதிரி கலங்கல் மேகம் பரவினால், இந்த மண்ணில் மயிரிழை வெடிப்புகூட ஆபத்து. அணை நீர் எத்தனை நாள் நின்றாலும் தெளியாமல் பால்நிறமாகவே இருப்பதும் அதே குணத்தின் அடையாளம். ஜிப்சம் கலந்து இறுக்குவது இதற்கு வழக்கமான சிகிச்சை. ஆனால் மண் பரிசோதனை இல்லாமல் கொட்டிவிடாதீர்கள்.

மரங்கள் நிழல் தருகின்றன, கரையைப் பிடித்து வைக்கின்றன என்று பலர் சொல்வார்கள். கரைக்கு வேண்டியது அடர்ந்த புல் மட்டும்தான். மரம் உயிரோடு இருக்கும்போது வேர் வழி ஏற்படுத்துகிறது, செத்த பிறகு அழுகி அதே வழியைக் காலியான குழாயாக விட்டுவிடுகிறது, புயலில் சாய்ந்தால் வேரோடு கரையையும் பெயர்க்கிறது. கை விரல் பருமனுள்ள செடிகளை இப்போதே பிடுங்கிவிடுங்கள். பெரிய மரத்தை மட்டும் அவசரப்பட்டு வெட்டாதீர்கள், வெட்டிய நாளிலிருந்து வேர் அழுக ஆரம்பித்துவிடும். நீர்மட்டத்தை இறக்கி, அடிக்கட்டையும் பெருவேரும் தோண்டி எடுத்து, குழியை 15 சென்டிமீட்டர் அடுக்குகளாக ஈரப்பதம் பார்த்து இறுக்கி நிரப்ப வேண்டும். பொறியாளர் மேற்பார்வை கட்டாயம். எலி, முயல் வளைகளுக்கும் இதே இறுக்கி நிரப்பும் வேலைதான். வெடிப்புகளில், கரையின் நீளவாக்கில் போவதைவிட நீர்ப்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் குறுக்கே போவதற்குத்தான் உடனடி கவனம் வேண்டும், அது தண்ணீருக்கு நேர்வழி.

சரி, இன்றைக்கு என்ன செய்வது? நீர்மட்டத்தை மெதுவாக இறக்க ஆரம்பியுங்கள். நாளொன்றுக்கு 30 சென்டிமீட்டர் என்பது சின்ன அணைகளுக்கு வழக்கமான வரம்பு. அதைவிட வேகமாக இறக்கினால், ஈரம் வடிய நேரமில்லாத நீர்ப்பக்கச் சரிவு வெளியிலிருந்த நீரின் தாங்கலை இழந்து சரியலாம். மதகை நம்ப முடியாவிட்டால் பம்ப் வையுங்கள், இல்லை முகட்டின் மேலாக சைபன் குழாய் போடுங்கள். எந்தக் காரணம் கொண்டும் கரையை வெட்டி வாய்க்கால் விடாதீர்கள். ஒரு முழ அகல வெட்டு கண்ணெதிரே அணை உடைப்பாக மாறும்.

கசிவு கலங்கலாகி வேகமும் கூடினால் நிலைமை வேறு. அப்போது 30 சென்டிமீட்டர் வரம்பை யோசிக்க நேரமில்லை. கீழே இருப்பவர்களை வெளியேற்றுவதுதான் முதல் வேலை, மதகைத் திறப்பதும் அரசு அவசர உதவியைக் கூப்பிடுவதும் அதற்கு அடுத்தது. அதற்காக இப்போதே கீழ்நோக்கி நடந்து பாருங்கள். தண்ணீர் எந்த வழியில் போகும், யார் யார் வீடு, எந்தப் பாலம் என்று பார்த்து, அவர்களுடைய தொலைபேசி எண்களைக் கரையோரக் கொட்டகையில் பெரிதாக எழுதி வையுங்கள். இரவு மழையில் யார் கரைக்குப் போவது, யார் போன் செய்வது என்பதை வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

சட்டப் பொறுப்பு பற்றி ஒரு வார்த்தை. அணை பதிவு, ஆய்வு விதிகள் ஊருக்கு ஊர் மாறும். ஆனால் ‘நான் கட்டவில்லை, வாங்கினேன்’ என்ற பதில் பல இடங்களில் எடுபடாது. ஆங்கிலேயச் சட்ட மரபில் இந்தப் பொறுப்பின் வேரே ஒரு தனியார் நீர்த்தேக்கத்தில்தான் இருக்கிறது. 1860இல் இங்கிலாந்தில் ஓர் ஆலைக்காரர் கட்டிய நீர்த்தேக்கத்தின் தண்ணீர் பழைய சுரங்கக் குழிகள் வழியாகப் பக்கத்துச் சுரங்கத்தில் புகுந்தது. ‘ரைலண்ட்ஸ் எதிர் ஃபிளெட்சர்’ என்ற அந்த வழக்கில் 1868இல் பிரபுக்கள் சபை அளித்த தீர்ப்பு, ஆபத்தானதைத் தன் நிலத்தில் தேக்கி வைப்பவர், தன் கவனக்குறைவு நிரூபிக்கப்படாவிட்டாலும் அது தப்பிப் போய்ச் செய்யும் சேதத்துக்குப் பொறுப்பு என்றது. உங்கள் நாட்டில் என்ன நிலை என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். காப்பீட்டில் அணை சேர்ந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொறியாளரைத் தேடும்போது கட்டடம் கட்டுபவரைப் பிடிக்காதீர்கள். மண் இயக்கவியல் தெரிந்து, மண் அணைகளில் வேலை செய்தவர் வேண்டும். அவர் வருவதற்குள் முகட்டின் மட்ட அளவுகள், கலிங்கின் அகலம், V வெட்டில் எடுத்த கசிவு எண்கள், ஜாடியில் தங்கிய படிவு, மழைநீரில் போட்ட கட்டியின் புகைப்படம் இவ்வளவும் கையில் இருக்கட்டும். முதல் நாளே அவர் யூகத்தில் ஆரம்பிக்காமல் உங்கள் அணையில் ஆரம்பிப்பார். பழுது பார்த்து முடித்த பிறகு ஒரே மழையில் நிரப்ப விடாதீர்கள். மதகைத் திறந்து வைத்து, முடிந்தவரை மூன்றில் ஒரு பங்கு நிரப்பி நிறுத்தி, சில வாரம் கசிவை அளந்து, பிறகு அடுத்த பங்கு என்று போங்கள். டீட்டன் உடைந்தது அதன் முதல் நிரப்பலில்தான்.